பானை உடைக்கிற விளையாட்டு

அருப்புக்கோட்டையில் அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கீழே ஜவுளிக்கடை, மாடியில் ஆறு கம்ப்யூட்டர்கள். தூசி படாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணி உறை. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் தறிச்சத்தம் கேட்கும். 2001-ம் வருஷம், நான் ஏழாம் வகுப்பு. சனிக்கிழமைதோறும் நானும் சித்தப்பா மகனும் திருச்சுழியில் பஸ் ஏறி அங்கே 'பேசிக்' படிக்கப் போவோம். பாடம் ஒரு மணி நேரம். அது முடிந்ததும் சார் டீ குடிக்கக் கீழே இறங்குவார். அவர் திரும்பி வரும்வரை அந்த ஆறு கம்ப்யூட்டர்களும் எங்களுடையவை.

மார்க்கர் பேனாவால் '100 கேம்ஸ்' என்று எழுதிய சிடி ஒன்று அங்கே கிடந்தது. நூறில் முக்கால்வாசி டெமோ. இரண்டு மூன்று கட்டம் ஆடவிட்டு, மீதிக்குப் பணம் அனுப்பச் சொல்லி அமெரிக்க விலாசம் காட்டும். அதில் ஒன்றுதான் 'பவர்ஸ்லேவ்'. திரையின் அடியில் ஒரு கை, கையில் வெட்டரிவாள் மாதிரி ஒரு நீளக்கத்தி. எதிரே மணல், மஞ்சள் கல்லில் கோபுர வாசல், சுவர் முழுக்கப் பறவையும் கண்ணும் பாம்பும். நரித்தலை மனிதன் ஓடி வருவான், சுடணும். தேள் வரும், சுடணும். மூலைக்கு மூலை மண்பானைகள் இருக்கும். உடைக்கணும். உடைத்தால் உள்ளேயிருந்து தோட்டா கிடைக்கும், உயிர் கிடைக்கும்.

எனக்கு மற்றதெல்லாம் மறந்து போனது. அந்தப் பானை உடைகிற சத்தம் மட்டும் மறக்கவில்லை. மறக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன்.

*

முதலில் ஆட்டத்தைப் பற்றி. இதைச் செய்தது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்டில் இருந்த லொபாட்டமி சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனம். 1993-ல் தொடங்கியவர்கள் நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தவர்கள். ஆட்டம் 1996-ல் வந்தது. ஐரோப்பாவில் அதற்குப் பெயர் 'எக்ஸ்யூம்டு', தோண்டி எடுக்கப்பட்டது என்று பொருள். ஜப்பானில் அதற்கு இன்னொரு பெயர்: 'கி.பி. 1999, ஃபாரோவின் உயிர்த்தெழுதல்'. ஒரே ஆட்டத்துக்கு மூன்று பெயர். பெயரில் மட்டுமில்லை, ஆட்டத்திலும் அது ஒன்றாக இல்லை என்பது எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

கதை எளிது. எகிப்தின் கர்நாக்கை ஏதோ ஒரு சக்தி வளைத்துப் பிடித்துவிட்டது. உள்ளே போன படைகள் திரும்பவில்லை. உங்களை ஹெலிகாப்டரில் அனுப்புகிறார்கள், அதையும் சுட்டு வீழ்த்திவிடுகிறார்கள். தப்பிப்பவர் நீங்கள் ஒருவர்தான். ராம்செஸ் மன்னனின் ஆவி உங்களிடம் பேசுகிறது. வந்திருப்பவர்கள் கில்மாட் என்ற வேற்றுக்கிரகக்காரர்கள், என் உடலைத் தோண்டியெடுத்துவிட்டார்கள், அதை வைத்து உலகத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்கிறது. அவ்வளவுதான். இதில் எகிப்தியர்கள் என்று யாரும் கிடையாது. கல் இருக்கிறது, கடவுள் இருக்கிறது, பிணம் இருக்கிறது. அந்த ஊர்க்காரன் ஒருத்தன்கூட இல்லை.

ஏழாம் வகுப்பில் இது உறுத்தவில்லை. ஆற்றைத் தாண்டினால் கருவேலங்காடு, அதில் ஆள் இல்லை, பாதி மண்ணில் புதைந்த கல்தூண்கள் கிடக்கும் என்பது எங்களுக்குப் பழகிய காட்சிதானே. திருச்சுழியிலிருந்து கமுதிப் பக்கம் போகிற வழியெல்லாம் அப்படித்தான். வெடித்துக் கிடக்கும் கரிசல், சீமைக்கருவேலம், கரிமூட்டப் புகை. குண்டாறு என்று பெயர், வருஷத்தில் பத்து மாதம் அது மணல். ஆட்டத்தில் வந்த தேளைப் பார்த்து எங்களுக்குப் பயமே வரவில்லை. அதைவிடப் பெரிய தேளை விறகுக்கட்டில் பார்த்திருக்கிறோம்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஊருக்கு வெளியே சரளை வெட்டிய பள்ளம் ஒன்று. மழைக்கு அதன் கரை சரிந்து, மண்ணுக்குள்ளிருந்து வட்டமாக ஒரு விளிம்பு தெரிந்தது. நெல் கொட்டி வைக்கிற குலுக்கையின் வாய் மாதிரி அகலம். நாங்கள் நாலு பேர் இருந்தோம். "டேய், உள்ள ஏதாச்சும் இருக்கும்டா" என்றான் சித்தப்பா மகன். அவன் அதைச் சொன்ன குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது. சார் டீ குடிக்கப் போனதும் சொல்வானே, அதே குரல்.

கல்லால் உடைத்தோம். சுலபமாக உடையவில்லை, ஒரு விரல் கனத்துக்கு ஓடு. உள்ளே தோட்டாவும் இல்லை, தங்கமும் இல்லை. இறுகிய மண். அதற்குள் சின்னச் சின்னக் கிண்ணங்கள், வெளியே சிவப்பு, உள்ளே நல்ல கறுப்பு. துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று. அடியில் வெள்ளையாக, தொட்டால் உதிர்கிற ஏதோ. சுண்ணாம்பு என்று நினைத்தோம். ஒரு கிண்ணத்தை மட்டும் உடையாமல் எடுத்தேன், அதுவும் சைக்கிள் கேரியரில் வரும்போதே உடைந்துவிட்டது. இரும்பைப் பழைய இரும்புக்கடையில் போட்டோம். கடைக்காரர் எடைக்கல்லைக்கூட எடுக்கவில்லை, கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் எறிந்தார்.

வீட்டில் சொன்னபோது அப்பத்தா கையிலிருந்த வேலையை நிறுத்தினாள்.

"பானையவா உடச்சீக? பானைய உடைக்கிறது சாவு வீட்டுலதான்டா."

அவ்வளவுதான் சொன்னாள். அடிக்கவில்லை. குளித்துவிட்டு உள்ளே வரச்சொன்னாள். கொள்ளிக்குடம் தோளிலிருந்து விழுந்து உடைகிற சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அப்பா இறந்தபோதுதான் கேட்டேன். நானே போட்டேன்.

*

பவர்ஸ்லேவை மறுபடி ஆடியது நைட்டைவ் ஸ்டூடியோஸ் அதைப் புதுப்பித்து வெளியிட்ட பிறகு. 2022 பிப்ரவரியில் வந்தது, நான் வாங்கியது அதற்கும் ஒரு வருஷம் கழித்து, சென்னையில், ஒரு தள்ளுபடி விற்பனையில். முதல் பத்து நிமிஷத்திலேயே குழப்பம். கர்நாக் இருக்கிறது, நரித்தலை இருக்கிறது. ஆனால் இது நான் ஆடியது கிடையாது.

விசாரித்தால் விஷயம் இது. நாங்கள் ஆடியது டாஸ் பதிப்பு. அது பில்ட் என்ற எஞ்சினில் செய்தது. கென் சில்வர்மேன் என்பவர் இருபது வயதுகூட ஆகாதபோது எழுதத் தொடங்கிய எஞ்சின் அது. டியூக் நியூகெம் 3டி வந்ததும் அதில்தான். அந்த டாஸ் பதிப்பு ஒரு நேர்கோடு. முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று இருபது கட்டம் போகும். சேகா சாட்டர்னுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது வேறு ஆட்டம். அதில் கட்டங்கள் ஒரு வரைபடத்தில் ஊர்களைப் போலக் கிடக்கும். போன இடத்துக்குத் திரும்பிப் போகணும். முதல்முறை எட்டாத உயரத்துக்கு, பிறகு கிடைக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் தாவலாம். சோபெக்கின் முகமூடி கிடைத்தால் தண்ணீருக்குள் மூச்சுவிடலாம். ஐசிஸின் சால்வை கிடைத்தால் காற்றில் மிதந்து இறங்கலாம். நின்டெண்டோவில் இருந்து வந்தவர்கள் இல்லையா, 'மெட்ராய்டு' ஆட்டத்தின் எலும்புக்கூட்டை எடுத்து, அதன்மேல் எகிப்தைப் போர்த்தியிருக்கிறார்கள். வெளியே போவதற்கு ஒரு டிரான்ஸ்மிட்டரின் எட்டுத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கதாநாயகனுக்கு ஊர் திரும்ப வழியில்லை.

இருபது வருஷமாக ஆகா ஓகோ என்று நண்பர்களிடம் நான் புகழ்ந்து வந்தது அந்த ஆட்டத்தின் சுமாரான பிள்ளையை. நல்ல பிள்ளை, எங்கள் ஊர்ப் பக்கமே வராத சாட்டர்ன் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

தொழில்காரன் என்பதால் கொஞ்சம் சொல்ல ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஆட்டங்களில் பெரும்பாலான எதிரிகள் தட்டைப் படங்கள். மம்மி என்று நீங்கள் பார்ப்பது ஒரு அட்டைப்படம்தான். பக்கவாட்டில், முதுகுப்புறம் என்று பல கோணங்களில் வரைந்து வைத்திருப்பார்கள், நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அதற்கேற்ற படத்தை எஞ்சின் திருப்பிக் காட்டும். சாட்டர்னில் இன்னொரு தலைவலி. மற்ற இயந்திரங்கள் உலகத்தை முக்கோணங்களாக வெட்டி வரையும்போது அது நாற்கோணங்களாக வரையும். இரண்டு முதன்மைச் செயலிகள் வேறு, இரண்டையும் ஒழுங்காக வேலை வாங்குவது பெரும்பாடு. லொபாட்டமியின் எஸ்ரா டிரைஸ்பாக் அதற்கென்றே ஸ்லேவ்டிரைவர் என்ற எஞ்சினை எழுதினார். பிற்பாடு 'குவேக்' ஆட்டத்தையே சாட்டர்னில் ஓட வைத்தது அந்த எஞ்சின்தான். இதையெல்லாம் செய்த நிறுவனம் 1998-ல் இல்லாமல் போனது. ஐந்து வருஷ ஆயுள்.

நைட்டைவ் பதிப்பின் கதையும் ஒரு தோண்டல்தான். கைசர் என்ற பெயரில் அறியப்பட்ட சாமுவேல் வில்லரியல், பிளேஸ்டேஷன் பதிப்பைப் பிரித்துப் பிரித்துப் படித்து, 2015-ல் 'பவர்ஸ்லேவ் ஈஎக்ஸ்' என்று ஒன்றை வெளியிட்டார். உரிமைச் சிக்கலில் அதை இறக்க வேண்டியதாயிற்று. அந்த உழைப்புதான் பிறகு முறையான வெளியீடாக வந்தது. செத்த நிறுவனத்தின் செத்த இயந்திரத்துக்கான நிரலை, எழுதியவன் பக்கத்தில் இல்லாமல், ஒவ்வொரு பைட்டாக என்ன செய்கிறது என்று ஊகித்து எழுப்புவது. அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்கிறேன். பத்து வருஷம் முன்பு வேலையை விட்டுப்போன யாரோ ஒருவர், 'இதைத் தொடாதீர்கள், ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை' என்று தன் பெயரோடு எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார். அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் பெயரைப் பார்த்தால் ஒரு தெம்பு.

*

வளர்ந்தபின் ஆடும்போது கண்ணில் படுவது வேறு. கர்நாக் கல்லறை கிடையாது, கோயில். நைலின் கிழக்குக்கரையில் இருக்கிறது. மன்னர்களின் கல்லறைகள் மேற்குக்கரையில், மலைக்கு அந்தப்புறம் இருக்கும் மன்னர்களின் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. நடுவே முழு ஆறு ஓடுகிறது. ஆட்டம் இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டது. திருச்சுழிக் கோயிலையும் ஊர்ச் சுடுகாட்டையும் ஒரே கட்டடமாக யாராவது வரைந்தால் நம்மாட்கள் சும்மா விடுவார்களா?

ராம்செஸ் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் இரண்டாம் ராம்செஸின் நிஜக் கதை அந்த ஆட்டத்தைவிட விசித்திரமானது. அவனைப் புதைத்த கல்லறையில் அவன் நிம்மதியாகக் கிடக்கவில்லை. திருடர் தொல்லை. பிற்காலப் பூசாரிகளே அவன் உடலை இடம் மாற்றினார்கள். கடைசியில் டெயிர் எல்-பாஹ்ரி மலையிடுக்கில், வேறு பல அரசர்களோடு சேர்த்து ஒளித்து வைத்தார்கள். 1881-ல் அந்த ஒளிவிடம் அதிகாரிகளுக்குத் தெரிந்தது. உடல்களைப் படகில் ஏற்றிக் கெய்ரோவுக்குக் கொண்டுபோனபோது, நைலின் கரையில் கிராமத்துப் பெண்கள் தலைமயிரை அவிழ்த்துப்போட்டு ஒப்பாரி வைத்தார்கள், ஆண்கள் துப்பாக்கியால் வானத்தில் சுட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மூவாயிரம் வருஷம் முன்பு செத்தவனுக்கு ஒப்பாரி. அவர்கள் அப்போது முஸ்லிம்கள். அந்த அரசனின் மதமும் மொழியும் அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. பிணம் ஊரைவிட்டுப் போகிறது, அழ வேண்டும், அது தெரியும். என் அப்பத்தாவுக்கு அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேச விஷயம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1976-ல் அந்த உடல் பூஞ்சை பிடித்ததற்கு வைத்தியம் பார்க்கப் பாரிஸ் போய் வந்தது. 2021 ஏப்ரலில் வேறு 21 அரச உடல்களோடு கெய்ரோ வீதியில் பொன்வண்ண வண்டியில் ஊர்வலம் போனது. அதாவது 'என் உடலைத் தோண்டியெடுத்துவிட்டார்கள்' என்று ஆட்டத்தில் ராம்செஸ் புலம்புவது நியாயமான புகார்தான். ஆனால் அதைச் செய்தவர்களை வேற்றுக்கிரகத்திலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை. இதே ராம்செஸின் பெரிய கல்தலை ஒன்றை 1816-ல் மணலிலிருந்து இழுத்து லண்டனுக்கு அனுப்பியவர் பெல்சோனி என்ற இத்தாலியர். சர்க்கஸ் போன்ற மேடைகளில் பலசாலி வேடம் போட்டுப் பிழைத்தவர். 1818-ல் காஃப்ரேயின் பிரமிடுக்குள் புகுந்ததும், கண்டுபிடித்தது பெல்சோனி என்று தேதியோடு கொட்டை எழுத்தில் உள்சுவரில் எழுதி வைத்தார். இன்றும் இருக்கிறது.

நம் பக்கமும் இது நடந்தது. 1876-ல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் ஆதிச்சநல்லூரில் தோண்டி, எடுத்ததை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ முறையாகத் தோண்டினார். தாழிகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், மெல்லிய தங்க நெற்றிப்பட்டங்கள். கல்லூரி முதல் வருஷம் எழும்பூர் மியூசியத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் வெளியே சிவப்பும் உள்ளே கறுப்புமான அந்தக் கிண்ணத்தை மறுபடி பார்த்தேன். சூளையில் கவிழ்த்து அடுக்கிச் சுடுவார்கள், காற்றுப் படாத உட்புறம் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும் என்று பிறகு படித்தேன். அன்று அங்கே நின்று புரிந்துகொண்டது வேறு. அந்த வெள்ளைத்தூள் சுண்ணாம்பு கிடையாது.

ஜாகோரையும் பெல்சோனியையும் திட்டுகிற கட்டுரைகள் ஏராளமாக வருகின்றன, நானும் இரண்டு எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் அந்தச் சரளைப் பள்ளம் தொண்டையில் நிற்கும். அவர்களாவது எடுத்ததைப் படம் வரைந்து, எண் போட்டு, பெட்டியில் வைத்தார்கள்.

*

ஆட்டத்தில் ராம்செஸின் கல்லறைக்குள் நுழைகிற முதல் அந்நியன் நான்தான் என்று பன்னிரண்டு வயதில் நினைத்திருந்தேன். நமக்கு முன்னாலேயே நம்மாள் ஒருத்தன் அந்தப் பள்ளத்தாக்குக்குள் போயிருக்கிறான்.

செங்கடலோரத்தில் இரண்டு பழைய துறைமுகங்கள், பெரெனிகே, மையோஸ் ஹோர்மோஸ். இரண்டாவதை இன்று குசேர் அல்-காதிம் என்கிறார்கள். ரோமானியர் காலத்தில் நம் கரையிலிருந்து மிளகும் துணியும் மணியும் போய் இறங்கிய இடங்கள். பெரெனிகேயில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. குசேரில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர்கள். இன்னொரு ஓட்டில் இருந்ததை ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். கயிற்று உறியில் தொங்கவிடுகிற பானை என்று பொருள் சொன்னார். இலக்கியத்தில் உறி, பேச்சில் ஒறி. எங்கள் அப்பத்தா வீட்டு உத்தரத்தில் மோர்ப்பானை தொங்கிய கயிற்றை அவள் உறி என்று சொல்லி நான் கேட்டதேயில்லை, ஒறிதான். இரண்டாயிரம் வருஷம் முன்பு கப்பலில் போனவனும் இலக்கணம் பார்க்காமல் வாயில் வந்தபடி எழுதியிருக்கிறான்.

துறைமுகத்தில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைவனத்தைக் கடந்து நைல்கரையில் கோப்டோஸ் என்ற ஊரை அடையும், அங்கிருந்து படகில் அலெக்சாண்டிரியா. கோப்டோஸிலிருந்து தெற்கே 40 கிலோமீட்டர் போனால் கர்நாக்கும் மன்னர்களின் பள்ளத்தாக்கும். அப்போதே அது சுற்றுலா இடம். கல்லறைகளில் பல திறந்து கிடந்தன. கிரேக்கர்களும் ரோமானியர்களும் கும்பலாக வந்து பார்த்து, சுவரில் பெயர் எழுதிப் போனார்கள். ஆறாம் ராம்செஸின் கல்லறையை, தங்கள் கதையில் வருகிற மெம்னானின் கல்லறை என்று நம்பி அங்கே கிறுக்கியவர்கள் கணக்கில்லை. ஜூல் பாயே என்ற பிரெஞ்சு அறிஞர் நூறு வருஷம் முன்பு இப்படிப்பட்ட கிரேக்க, லத்தீன் கிறுக்கல்களை இரண்டாயிரத்துக்கு மேல் பட்டியலிட்டுப் பதிப்பித்தார்.

அதே சுவர்களில் தமிழும் இருந்தது. அண்மையில் லோசான் பல்கலைக்கழகத்தின் இங்கோ ஸ்ட்ராஹும் பிரெஞ்சு ஆய்வாளர் ஷார்லோட் ஷ்மிட்டும் அதைப் பதிவு செய்து அறிவித்தார்கள். தமிழ் பிராமியிலும் பிராகிருதத்திலும் சமஸ்கிருதத்திலுமாகச் சுமார் 30 கிறுக்கல்கள், பெரும்பாலானவை தமிழ். அவற்றில் ஒருவன் பெயர் சிகை கொற்றன். ஐந்து கல்லறைகளில், எட்டு இடங்களில் தன் பெயரை எழுதியிருக்கிறான். வந்தேன், கண்டேன் என்கிற தோரணை. பக்கத்தில் கிரேக்கன் எழுதியதைப் பார்த்து அந்தப் பாணியைப் பிடித்திருப்பான் போல.

செய்தியைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. பெருமை என்று சொல்லிவிட்டால் சுலபம், வாட்ஸ்அப்பில் அன்று முழுக்க அதுதான் ஓடியது. எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. எட்டு இடம்! ஒரு கல்லறையில் எழுதியாயிற்று, விடவேண்டியதுதானே. அடுத்த கல்லறைக்குப் போனதும் மறுபடி. பள்ளிக்கூட பெஞ்சில் காம்பஸால் பெயர் கீறுகிற பையன் அவன். ஆட்டத்தில் ஒரு கட்டம் விடாமல் எல்லா மூலையையும் முட்டிப் பார்ப்பவன். இதே வேலையை இன்று தாராசுரத்திலோ மாமல்லபுரத்திலோ எவனாவது செய்தால் நான்தான் முதலில் போலீசைக் கூப்பிடுவேன். ஆனால் கொற்றன் எதையும் உடைக்கவில்லை, எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. கப்பலில் வந்து பாலைவனம் தாண்டி, தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு ராஜாவின் குழிக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்திருக்கிறான். மேலே நட்சத்திரம் வரைந்த கூரை. பெயரை எழுதினான். வெளியே வந்து பிழைப்பைப் பார்க்கப் போனான்.

*

அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு ஊருக்குப் போயிருந்தபோது குண்டாற்றைத் தாண்டிப் பள்ளிமடத்துக்கு நடந்தேன். திருச்சுழியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆற்றங்கரையில் பழைய கற்கோயில். சிவன் கோயில் என்றுதான் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதன் வெளிச்சுவர் நிழலில் கோலி ஆடியிருக்கிறோம், எழுத்து வெட்டிய கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு.

அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று மத்தியத் தொல்லியல் துறை எப்போதோ பதிப்பித்துவிட்டது. பள்ளிப்படை சுந்தரபாண்டிய ஈஸ்வரம் என்று அந்தக் கோயிலுக்குப் பெயர். பள்ளிப்படை என்றால் இறந்த அரசனுக்காக, அவன் அடங்கிய இடத்தில் எழுப்புகிற கோயில். மேல்பாடியில் அரிஞ்சய சோழனுக்கு ராஜராஜன் எடுத்தது, தொண்டைமானாற்றூரில் முதலாம் ஆதித்தனுக்கு எடுத்தது என்று சோழர்களுடையவை பேர்போனவை. பாண்டியருக்குக் கிடைப்பது அரிது. இங்கே 10-ம் நூற்றாண்டில், சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் ஆட்சிக் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. விளக்குக்கு ஆடு, பூசைக்கு நிலம் என்கிற வழக்கமான கணக்குகள்தான் அத்தனையும். வீரபாண்டியன் தலையைத் தான் கொண்டதாகப் பிற்பாடு ஆதித்த கரிகாலன் எழுதிக்கொண்டான். தலைகளைக் கொண்டவர்கள் போய்விட்டார்கள், ஆட்டுக் கணக்கு நிற்கிறது.

நான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது ஒரு ராஜாவின் கல்லறையில். அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய், அமெரிக்காக்காரர்கள் கட்டிய கல்லறைக்குள் துப்பாக்கியோடு அலைந்திருக்கிறேன், வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் நிஜமாகவே ஒன்று இருக்கும்போது. இங்கே யாரும் அதைக் கல்லறை என்று சொல்வதில்லை. சுந்தரபாண்டியன் என்ற மனுஷன் லிங்கமாகிவிட்டான். அபிஷேகம் நடக்கிறது, பொங்கல் தருகிறார்கள். எகிப்தில் உடலைக் கெடாமல் வைத்துப் பெயரையும் செதுக்கி வைத்தார்கள், அதனால்தான் தோண்டப்பட்டார்கள். இங்கே உடல் மறைந்து, ஆளும் மறந்து, பூசை மட்டும் மிஞ்சியது. எது தேவலை என்று எனக்கு முடிவாகச் சொல்லத் தெரியவில்லை. பூசைக்கு வந்தவர்களில் சுந்தரபாண்டியன் யாரென்று கேட்டால் சினிமா நடிகர் படப் பெயர் சொல்வார்கள். ஆனால் தினம் ஒரு விளக்கு எரிகிறது.

திரும்பும் வழியில் அந்தச் சரளைப் பள்ளத்தைப் பார்க்கலாமென்று போனேன். பள்ளமே இல்லை. சமப்படுத்தி, கல் ஊன்றி, மனை போட்டிருந்தார்கள். சித்தப்பா மகனுக்கு போன் பண்ணிக் கேட்டேன், இப்போது திருப்பூரில் இருக்கிறான். தாழியை உடைத்தது ஞாபகம் இருக்கா என்றேன். "கிரிக்கெட் பேட்டு உடஞ்சுச்சே, அதா?" என்றான். அவனுக்கு அது இல்லவே இல்லை. நாலு பேரில் மற்ற இருவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆக அந்தத் தாழிக்குள் இருந்தவரைப் பற்றிப் பூமியில் இப்போது மிஞ்சியிருக்கிற ஒரே பதிவு என் ஞாபகம். வாயகலம் ஒன்றரை முழம் இருக்கும். கிண்ணங்கள் ஐந்தோ ஆறோ. இரும்பு ஒன்று, உளியாகவோ அம்பு முனையாகவோ இருக்கலாம், ஒரு சாண் நீளம். தாழியின் கழுத்தைச் சுற்றி விரலால் அழுத்திய தடம், கயிறு மாதிரி. செய்தவரின் கட்டைவிரல் சின்னது. நான் என் விரலை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

சென்னைக்கு வந்தபின் ஒரு ராத்திரி பவர்ஸ்லேவை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பானைகளை உடைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் கட்டம் தாண்டிவிட்டது. இரண்டாவதில் குண்டு தீர்ந்தது, கத்தியை வைத்துச் சமாளித்தேன். மூன்றாவதில் தேளிடம் இரண்டு முறை செத்தேன். மூன்றாம் முறை உயிர்க்கோடு கடைசிச் சொட்டில் நிற்கிறது, கதவுக்கு வெளியே நரித்தலையன் நடக்கிற சத்தம், மூலையில் மூன்று பானைகள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

ஒன்றை உடைத்தேன்.